தாங்காத உடம்பு: பெரிலிய நோயின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

'அவன் உடம்புக்கு ஒத்துக்கலே.'

பஞ்சாலை, கல்குவாரி, தோல் பதனிடும் கூடம் என்று எங்கே போனாலும் தொழிலாளர்கள் வாயிலிருந்தே கேட்கக் கிடைக்கிற வாக்கியம் இது. இருபது பேர் ஒரே தூசியில் நின்றார்கள். இரண்டு பேருக்கு மூச்சு வாங்குகிறது. மிச்சம் பதினெட்டுப் பேர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அப்படியென்றால் கோளாறு தூசியிலா, அந்த இரண்டு பேர் உடம்பிலா? மேஸ்திரி கேட்கிற கேள்வி இது. கம்பெனி டாக்டர் கேட்பதும் இதுதான். நாளடைவில் இருமுகிறவனே தன்னைத் தானே இப்படிக் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிடுகிறான்.

இந்த வாக்கியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தூசி செய்த காரியம் எதுவும் இதில் இல்லை. செய்யத் தவறிய குற்றம் மட்டுமே இருக்கிறது. அந்தக் குற்றம் உடம்பின் பேரில் எழுதப்படுகிறது. தூசி மழை, வெயில் மாதிரி இயற்கையாகிவிடுகிறது. உடம்பு மட்டும் கூண்டில் ஏறி நிற்கிறது.

தோழர்கள் சிலர் இதற்கு உடனே பதில் வைத்திருக்கிறார்கள். உடம்பு வாகு, மரபணு என்று பேசுவதே முதலாளியின் தந்திரம். தூசியைக் குறைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். பாதி தூரம் வரைக்கும் எனக்கும் இது சம்மதம். மீதிப் பாதியில்தான் சிக்கல். உடம்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதும், சில நோய்களில் அந்த வேறுபாடு பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதும் இன்று மறுக்க முடியாதவை. மறுத்தால் நாம் விஞ்ஞானத்தை எதிராளியிடமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம். அப்புறம் அதைத் திருப்பிக் கேட்க முடியாது.

ஆகவே நமக்கு வசதியில்லாத ஓர் உதாரணத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். உலோகத் தூசியால் வரும் நுரையீரல் நோய்களில் மரபணுவின் பங்கு மிகத் தெளிவாக நிறுவப்பட்டது பெரிலிய நோயில்தான். 'எல்லாம் உடம்பு வாகு' என்கிற வாதம் எங்காவது செல்லுமென்றால் இங்கே செல்ல வேண்டும். செல்கிறதா என்று பார்ப்போம்.

2

பெரிலியம் என்ற பெயருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 'பெரில்' என்ற மணிக்கல்லின் கிரேக்கப் பெயர் 'வேருளிய' என்ற பிராகிருதச் சொல்லிலிருந்து போனது. அதற்கும் பின்னால் ஒரு தென்னாட்டு ஊர்ப்பெயர் இருக்கக்கூடும் என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் இந்தக் கல் கிடைத்தது. கொடுமணல் அகழாய்வில் பெரில் மணிகள் வெளிவந்தன. கழுத்தில் தொங்கியவரை அதனால் அணிந்தவருக்குத் தீங்கில்லை.

1798-ல் வோக்லென் என்ற பிரெஞ்சு வேதியியலார் இந்தக் கல்லுக்குள் ஒரு புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். 1828-ல் வோலரும் புஸ்ஸியும் தனித்தனியே உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உப்புகள் நாக்கில் இனித்ததால் இனிப்பைக் குறிக்கும் ஒரு பெயர்கூட அதற்குச் சில காலம் இருந்தது. அலுமினியத்தைவிட லேசு, எஃகைவிட விறைப்பு. செம்போடு சிறிதளவு கலந்தால் தேயாத வில்கம்பி கிடைக்கும். நியூட்ரான்களை விழுங்காமல் திருப்பி அனுப்பும். இந்தக் கடைசிக் குணம்தான் அதை அணுகுண்டுக்காரர்களின் செல்ல உலோகமாக்கியது. அதற்கு முன்பே அது சாதாரண வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. நாம் ட்யூப்லைட் என்கிறோமே, அதன் உள்சுவரில் பூசும் வெள்ளைப் பொடியில் 1930களின் பிற்பகுதியிலிருந்து பெரிலியம் சேர்ந்தது.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1933-லேயே ஜெர்மனியில் பெரிலியம் பிரித்தெடுக்கும் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் கோளாறு பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டது. 1943-ல் ஓஹையோ மாநில மருத்துவர்கள் அங்குள்ள ஆலைகளிலிருந்து வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆனால் அதே ஆண்டு வெளியான அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கை, பெரிலியத்துக்கென்று தனி நச்சுத்தன்மை இல்லை, கூடவே வருகிற அமிலப் பகுதிதான் காரணம் என்று முடித்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். உலோகம் தேவைப்பட்டது. உலோகத்தை விடுவிக்கிற முடிவு வந்தது என்பதற்கு மேல் நான் எதையும் ஊகிக்கவில்லை.

இந்தக் கதையின் முதல் முக்கியமான காட்சி சேலத்தில். நம் சேலம் இல்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம், 1692-ல் சூனியக்காரிகள் என்று பெண்களைத் தூக்கிலிட்ட ஊர். 1940களில் அங்கே ட்யூப்லைட் ஆலையில் வேலை செய்த இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சுத்திணறலும் எடைக்குறைவுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் காசநோய் போல் தெரியும், கிருமி இராது. காரணம் தெரியாமல் நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழும் 'சார்காய்டோசிஸ்' என்ற நோயின் பெயர் சூட்டப்பட்டு, 'சேலம் சார்காய்டு' என்றே அது வழங்கலாயிற்று. காரணம் தெரியாத நோய் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் காரணத்தைத் தேட வேண்டாம் என்கிற வசதி கிடைத்துவிடுகிறது.

தேடியவர் ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர். அமெரிக்காவில் தொழில்நோய் மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட ஆலிஸ் ஹாமில்டனோடு பின்னால் சேர்ந்து நூல் எழுதியவர். 1946-ல் ஹார்டியும் டேபர்ஷாவும் 17 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே ஒரு சொல் இருந்தது: தாமதமாக வரும் நோய். வேலையை விட்டு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து நோய் வருகிறது. இந்த ஒரு சொல் 'பதினெட்டுப் பேர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்ற கணக்கைக் கலைத்துவிட்டது. இன்று நன்றாக இருக்கிறவன் பத்து வருடம் கழித்து எப்படி இருப்பான் என்பதை ஆலையின் இன்றைய வருகைப் பதிவேடு சொல்லாது. நோயாளி வேலையைவிட்டு நிற்கிற அன்றைக்கே ஆலையின் கணக்கிலிருந்தும் நின்றுவிடுகிறான். கணக்கில் மிஞ்சுகிறவர்கள் எப்போதும் ஆரோக்கியசாலிகளே. இதைப் புரிந்துகொண்ட ஹார்டி 1952-ல் பெரிலிய நோயாளிகளுக்கென்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். ஆலை மறந்தவர்களை நினைவில் வைத்துக்கொள்வதற்கான பதிவேடு அது. ட்யூப்லைட்டில் பெரிலியம் போடுவது 1949-ல் நின்றது. குண்டில் நிற்கவில்லை.

3

இரண்டாவது காட்சி ஓஹையோவின் லோரெய்ன் நகரம், 1948. அங்கே பெரிலியம் உற்பத்தி செய்த ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்களுக்கு நோய் வந்தது. ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் அவர்கள். வேலைக்குப் போய்வந்தவரின் அழுக்குத் துணியை வீட்டில் துவைத்ததன் வழியாகவும் நோய் வந்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் சுகாதாரப் பொறியாளர் மெரில் ஐசன்பட்டும் சகாக்களும் ஊருக்குள் காற்றை அளந்தார்கள். ஆலைக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே தூசி பல மடங்கு குறைவு. ஆனாலும் நோய் இருந்தது. உள்ளே அவ்வளவு தூசியில் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இல்லை.

தூசி கூடினால் நோய் கூடும், குறைந்தால் குறையும் என்கிற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே உடைந்தது. 1951-ல் ஸ்டெர்னரும் ஐசன்பட்டும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். இது ஈயம், பாதரசம் மாதிரியான நேரடி நஞ்சு அல்ல. உடம்பின் எதிர்ப்பாற்றல் அளவுமீறிக் கிளம்புவதால் வருகிற நோய். அது சிலரிடம் கிளம்பும், சிலரிடம் கிளம்பாது. பெரிலிய நோயின் வரலாற்றில் 'உடம்பு' இப்படித்தான் நுழைந்தது. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. நல்ல விஞ்ஞானம்தான். பின்னால் வந்த ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. தூசித்துகளின் பருமன், அது கரையும் தன்மை, தோல் வழியாகவும் உடம்பு அதை அறிந்துகொள்வது என்று வேறு காரணங்களும் பின்னால் சேர்ந்தன.

ஆனால் அதே மனிதர்கள் அதே வருடங்களில் இன்னொரு காரியமும் செய்தார்கள். காற்றில் எவ்வளவு பெரிலியம் இருக்கலாம் என்று ஓர் எண் தேவைப்பட்டது. ஐசன்பட்டும் வில்லார்ட் மேக்கல் என்ற மருத்துவரும் ஒரு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தபோது அந்த எண்ணைத் தீர்மானித்தார்கள். இதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் ஐசன்பட்டேதான். கணக்கு இது: ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் வரை அனுமதி இருந்தது. அவற்றின் அணு எடை ஏறக்குறைய 200. பெரிலியத்தின் அணு எடை 9. அந்த விகிதத்தில் குறைத்தால் 5 வருகிறது. பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து 2. ஆலைக்கு வெளியே குடியிருப்புக் காற்றுக்கு மட்டும், லோரெய்ன் அளவீடுகளின் அடிப்படையில், 0.01.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். பெரிலியம் கன உலோகங்களைப் போல நடந்துகொள்வதில்லை என்று சொன்னவர்களே கன உலோகக் கணக்கை வைத்து எல்லையை வகுத்தார்கள். ஐசன்பட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் ஒளிக்கவில்லை; முன்பிருந்த நிலைமைக்கு 2 மைக்ரோகிராம் பெரிய முன்னேற்றமும்கூட. அதன் பிறகு ஆலைகளில் கடுமையான நோய் வெகுவாகக் குறைந்தது. தற்காலிகமாக வைத்த எண் தற்காலிகமாக இருந்திருந்தால் பேச்சே இல்லை. 1949-ல் அணுசக்தி ஆணையம் அதை ஏற்றது. 1971-ல் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் அதையே சட்டமாக்கியது. 1975-ல் பாதியாகக் குறைக்க யோசனை வந்தது. 1978-ல் எரிசக்தித் துறை அமைச்சரும் பாதுகாப்புத் துறை அமைச்சரும் குறுக்கிட்டார்கள்: விதி கடுமையானால் ஆயுதங்களுக்கு உலோகம் கிடைக்காமல் போகும். யோசனை கிடப்பில் விழுந்தது.

எல்லைக்குள் வேலை செய்தவர்களுக்கும் நோய் வந்துகொண்டுதான் இருந்தது. இந்த நிலையில் 'ஏன் இவனுக்கு மட்டும்?' என்ற கேள்விக்கு ஒரு புதிய உபயோகம் கிடைத்துவிடுகிறது. எண் சரி என்று வைத்துக்கொண்டால் மிச்சமிருக்கும் சந்தேகம் உடம்பின் மேல்தானே விழும்? எண்ணை அசைக்க விரும்பாதவர்களுக்கு இதைவிட வாகான கேள்வி இல்லை.

4

இந்தக் கேள்வியின் பூர்வீகத்தைத் தேடினால் நமக்கு வேண்டப்பட்ட ஒருவர் முன்னால் வந்து நிற்கிறார். ஜே.பி.எஸ். ஹால்டேன். இடதுசாரி, நாஜி இனக்கொள்கையை எதிர்த்து எழுதியவர், 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்து 1964-ல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். 1938-ல் வந்த 'மரபும் அரசியலும்' என்ற நூலில் மட்பாண்டத் தொழிலாளர்களின் மார்புச்சளி நோயைப் பற்றி அவர் எழுதுகிறார். ஆலைகளின் சுகாதார நிலை மோசம் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, உடல்வாகு ஒரு காரணமாக இருக்கலாம், அதைக் கண்டுபிடித்தால் அப்படிப்பட்டவர்களை அந்தத் தொழிலில் சேர்க்காமலே நோயை ஒழித்துவிடலாம் என்கிறார். இனவாதத்தை மறுக்க எழுதிய புத்தகத்திலேயே இந்த யோசனையும் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு சொன்னது என்பதில் சந்தேகமில்லை. நோயை ஒழிக்க நோயாளியாகக் கூடியவனை வாசலிலேயே நிறுத்து என்ற தர்க்கம் வலதுசாரி மூளைக்குள் மட்டும் பிறக்கிற ஒன்றல்ல என்பதற்காகத்தான் இதை நினைவூட்டுகிறேன்.

வாசலில் நிறுத்துவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு 1970களின் அமெரிக்கா இரண்டு சாட்சிகள் தருகிறது. டூபாண்ட் ரசாயனக் கம்பெனி தன் கறுப்பினத் தொழிலாளர்களிடம் அரிவாள்செல் மரபணு இருக்கிறதா என்று பரிசோதித்து வந்தது 1980-ல் 'நியூயார்க் டைம்ஸ்' கட்டுரைகள் வழியாகப் பெரும் விவாதமாயிற்று. கேட்டது தொழிலாளர்களே, யாருக்கும் வேலை மறுக்கவில்லை என்றது கம்பெனி. இருக்கட்டும். அந்த மரபணுவை ஒரு பிரதி மட்டும் கொண்டவர்களுக்கு ரசாயனங்களால் கூடுதல் ஆபத்து என்பதற்கு நிரூபணம் இருக்கவில்லை. உடம்பு வாகு என்ற பேச்சு எந்த நிறத்தின் மேல் முதலில் போய் உட்கார்ந்தது என்பதைக் கவனித்தால் போதும்.

இன்னொன்று மேற்கு வர்ஜீனியாவில், அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் வில்லோ ஐலண்ட் ஆலையில், 1978-ல் நடந்தது. ஈயம் கருவைப் பாதிக்கும். ஆகவே ஈயச் சாயப் பிரிவில் பிள்ளை பெறக்கூடிய பெண்கள் இருக்கக்கூடாது என்று விதி செய்தார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து பெண்கள் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டார்கள். ஈயத்தை அகற்றுவதற்குப் பதில் கருப்பையை அகற்றுவது பாதுகாப்பு நடவடிக்கையாயிற்று. இத்தகைய விதிகள் செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொல்ல 1991 ஆயிற்று. அதுவும் வேறொரு கம்பெனியின் வழக்கில்.

அதிகாரம் உடல்களை வகைப்படுத்துவதன் மூலம் இயங்குகிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நிறைய எழுதியாயிற்று. வகைப்படுத்துவதற்கு ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவிக்கு ஒரு விலை உண்டு, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் விலையைவிட அது குறைவு என்கிற எளிய பொருளாதாரத்தையும் கூடவே சேர்த்துக்கொள்வது நல்லது.

5

இப்போது மரபணுவுக்கு வருவோம். 1993-ல் 'சயின்ஸ்' இதழில் ரிச்செல்டி, சொரென்டினோ, சால்டினி மூவரும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். பெரிலிய நோயாளிகள் 33 பேர், பெரிலியத்தோடு வேலை செய்தும் நோய் வராதவர்கள் 44 பேர். ஒரு குறிப்பிட்ட மரபணு அடையாளம் நோயாளிகளில் 97 சதவீதத்தினரிடம் இருந்தது. நோயில்லாதவர்களில் 30 சதவீதத்தினரிடம் இருந்தது. தொழில்நோய்களின் வரலாற்றில் இவ்வளவு தெளிவான வேறுபாடு அபூர்வம்.

விஷயம் இதுதான். உடம்புக்குள் வந்த அந்நியப் பொருளை 'டி' செல்கள் தாமாகப் பார்ப்பதில்லை. எச்.எல்.ஏ. என்கிற புரதத் தட்டில் வைத்துக் காட்டினால்தான் பார்க்கும். இந்தத் தட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதில் டிபிபி1 என்கிற வகைத் தட்டின் 69-ஆவது இடத்தில் சிலருக்கு லைசின் இருக்கும், சிலருக்கு குளூட்டாமிக் அமிலம். பின்னது எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றம் கொண்ட பெரிலியத்துக்கு அந்தக் குழிவு வாகாக அமைந்துவிடுகிறது. 2014-ல் இதன் வடிவத்தை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். பெரிலியம் தட்டின் அடியில் புதைந்து கொள்கிறது. டி செல் அதைத் தொடுவதே இல்லை. புதைந்த உலோகம் தட்டின் மேற்பரப்பைச் சற்று மாற்றிவிடுகிறது. சொந்த உடம்பின் தட்டே டி செல்லுக்கு அந்நியமாகத் தெரிகிறது. போர் தொடங்குகிறது, நுரையீரலில் முடிச்சுகள் விழுகின்றன, அவை வடுவாகி இறுகுகின்றன.

ஆக, மரபணு பொய்யில்லை. அதன் பொருள் என்ன என்பதில்தான் நாம் வாதாட வேண்டும்.

முதலில், இதைக் 'குறை' என்று சொல்லவே முடியாது. ஆரோக்கியமானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இருக்கிற ஒரு சாதாரண வேறுபாடு இது. மனிதகுலம் விதவிதமான கிருமிகளைத் தாக்குப்பிடித்ததே எச்.எல்.ஏ. தட்டுகள் இப்படிப் பலவிதமாக இருப்பதால்தான். இதை உடையவர் உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்குப் போனாலும் இதனால் பெரிலிய நோய் வராது. பெரிலியம் இல்லாத காற்றில் இந்த மரபணு வெறும் எழுத்து. அதை நோயாக வாசிப்பது தூசி.

இரண்டாவது, கணக்கு. நூறு தொழிலாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து பேரிடம் அந்த மரபணு. ஐந்து பேருக்கு நோய் வருகிறது. ஐந்து பேருமே அந்த முப்பத்தைந்துக்குள் என்று தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். பரிசோதனை செய்து முப்பத்தைந்து பேரையும் வாசலில் நிறுத்தினால், நோய் வரப்போகாத முப்பது பேர் வேலை இழக்கிறார்கள். ஏழு பேரில் ஆறு பேருக்கு அநியாயம். 97 சதவீதம் என்ற எண்ணின் பளபளப்பில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. நோயாளிகளில் எத்தனை பேரிடம் மரபணு என்பது ஒரு கேள்வி. மரபணு உள்ளவர்களில் எத்தனை பேர் நோயாளி ஆவார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதன் விடையாக விற்பதுதான் இங்கே நடக்கிற மோசடி.

மூன்றாவது, உள்ளே விடப்பட்ட அறுபத்தைந்து பேர். அவர்களுக்குப் பயமில்லையா? அந்த மரபணு இல்லாதவர்களுக்கும் நோய் வந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அதோடு, அதே 1993-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பெரிலியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்தது. நுரையீரல் புற்று யாருக்கு வரும், யாருக்கு வராது என்று இந்தப் பரிசோதனை சொல்லாது. 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்று ஒரு சீட்டைக் கொடுத்துத் தூசிக்குள் அனுப்பப்படுகிறவனுடைய நிலைமை, வாசலில் நிறுத்தப்பட்டவனுடையதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

நான்காவது, மரபணுவைக் கண்டுபிடித்தவர்களே காட்டியது. ரிச்செல்டியின் குழு 1997-ல் 127 தொழிலாளர்களைப் பார்த்தது. மரபணு நோய்வாய்ப்பைப் பல மடங்கு கூட்டியது உண்மை. உலோகத்தைக் கடைந்து இழைக்கிற இயந்திர வேலையும் தனியே அதே போல் பல மடங்கு கூட்டியது. ஒன்றின் எடை மற்றதற்குச் சளைத்ததல்ல. இரண்டில் ஒன்றை மாற்ற முடியாது. மற்றதை மாற்ற முடியும். எதை மாற்றுவது என்று கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

தொழிலாளியே விரும்பி, ரகசியமாகப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவைத் தானே தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டுமே என்ற யோசனையும் வந்தது. தன் உடம்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை என்று கேட்கும்போது எதிர்க்க மனம் வராது. ஆனால் அந்த ஊரில் வேறு வேலை இல்லாதபோது அந்த முடிவு எவ்வளவு தூரம் அவனுடையது? தெரிந்தும் போனான், நோய் வந்தது என்றால் அப்புறம் பழி யார் மேல்? அமெரிக்காவில் 2008-ல் மரபணு அடிப்படையில் வேலை மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். வாசலில் நிறுத்தாதே என்றது. உள்ளே காற்று எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறு சட்டத்துக்கு விட்டுவிட்டது.

6

அந்த வேறு சட்டத்தின் கதையை முடித்துவிடுகிறேன். என்ரிகோ ஃபெர்மியோடு முதல் அணு உலையில் வேலை செய்த இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஆண்டர்சன், பல்லாண்டுகள் பெரிலிய நோயோடு வாழ்ந்து 1988-ல் இறந்தார். அணு ஆயுத ஆலைகளின் தொழிலாளர்கள் நோயோடு வந்து நின்றபோது 1999-ல் எரிசக்தித் துறை தன் ஆலைகளுக்கு 0.2 மைக்ரோகிராம் தாண்டினாலே நடவடிக்கை என்று விதி செய்தது. ஒரு காலத்தில் குறுக்கே நின்ற அதே துறை. 2000-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 2012-ல் உருக்குத் தொழிலாளர் சங்கமும் முதன்மையான பெரிலியக் கம்பெனியும் சேர்ந்தே 0.2 என்ற எல்லையைச் சிபாரிசு செய்தன. 2017 ஜனவரியில் அது அமெரிக்கா முழுமைக்கும் விதியாயிற்று. டாக்ஸியில் பிறந்த எண் பத்தில் ஒன்றாகக் குறைய 68 ஆண்டுகள் ஆயின.

அந்த டாக்ஸி நம் ஊருக்கும் வந்தது. போபாலுக்குப் பிறகு, 1987-ல், இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் நச்சுப்பொருள்களின் அனுமதி அளவுகளுக்கென்று ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. பெரிலியத்துக்கு அதில் எழுதப்பட்ட அளவு ஒரு கனமீட்டருக்கு 0.002 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 2. அணு எடையை வைத்துப் போட்ட ஒரு மனக்கணக்கு, நாற்பது ஆண்டு கழித்து, இன்னொரு கண்டத்தில் சட்டத்தின் முகத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது தோழர்களிடம் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லலாம். ஒவ்வொரு எல்லை எண்ணுக்கும் பின்னால் ஒரு கற்பனை உடம்பு நிற்கிறது. இவ்வளவு தூசியை இது தாங்கும் என்று யாரோ நினைத்துப் பார்த்த உடம்பு. 2 மைக்ரோகிராமுக்குப் பின்னால் நின்றது தாங்குகிற உடம்பு. தாங்காதவை விதிவிலக்காயின. மரபணு ஆய்வு செய்த பெரிய காரியம், அந்த விதிவிலக்குகளுக்கு ஒரு நிரூபணம் கொடுத்தது. இவன் பலவீனன் அல்ல, பாசாங்கு செய்யவில்லை, சிகரெட்டினால் வந்ததல்ல, காசநோய் அல்ல. மிகக் குறைந்த பெரிலியமும் இவன் உடம்பில் இந்த வழியாக இந்த நோயை உண்டாக்கும் என்று அது சொல்கிறது. இதைச் சரியாக வாசித்தால் கிடைப்பது வாசலில் நிறுத்துவதற்கான சீட்டு இல்லை. எல்லையைக் கீழே இறக்குவதற்கான வாதம். மூன்றில் ஒரு பங்கு மனிதர்கள் தாங்க முடியாத காற்றை 'பாதுகாப்பான காற்று' என்று எப்படி அழைக்க முடியும்? அளவுகோல் தாங்காத உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே மரபணுவை மறுப்பது நம் கையிலிருக்கும் ஆயுதத்தை நாமே கீழே போடுவது.

பிறப்பை வைத்து வேலையைப் பங்கிட்ட சமூகத்தில் இதைப் பேசுவதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இன்ன பிறப்புக்கு இன்ன வேலை என்பது நமக்குப் பழகிய பேச்சு. பிறப்பு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் வழியாக ஆலைவாசலுக்குத் திரும்பி வரும்போது, மற்றவர்களைவிட நாம் அதை முன்னதாகவே அடையாளம் காண வேண்டும்.

அடுத்த முறை யாராவது 'அவன் உடம்புக்கு ஒத்துக்கலே' என்றால் மறுக்க வேண்டாம். இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்போம்: அந்தக் கூடத்தின் காற்றை யார் அளந்தார்கள், எப்போது? என்ன எண் வந்தது? அந்த எண் சரி என்று எந்த உடம்பை வைத்து முடிவு செய்தார்கள்? பத்து வருடத்தில் வேலையைவிட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி மூச்சுவிடுகிறார்கள்?